கதவு ஒருவருக்கு, ஜன்னல் ஒருவருக்கு

நான் கடைக்காரர் வீட்டுப் பெண். வில்லியனூர் கடைத்தெருவில் எங்கள் அப்பாவுக்கு மளிகைக் கடை. எதையும் தராசில் வைத்துப் பார்ப்பது எங்கள் ஜனங்களின் பழக்கம். என்னைக் கட்டிக் கொடுத்ததோ பாகூர்ப் பக்கம், நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பத்தில். அவர்கள் எதையும் கயிறு பிடித்து அளப்பவர்கள். "எட போடுறவன் பொண்ணு கயிறு புடிக்கிறவன் வூட்டுக்குப் போவுது, இன்னாத்த அளக்கப் போவுதோ" என்று என் கல்யாணப் பந்தியில் ஒரு கிழவர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்தப் பேச்சின் முழு அர்த்தம் கடல் வீட்டைப் பங்கு பிரித்த அன்றுதான் எனக்கு விளங்கியது.

கடல் வீடு என்றால், கிருமாம்பாக்கத்தில் கடலூர் ரோட்டை விட்டுக் கிழக்கே திரும்பி, சவுக்குத் தோப்பைத் தாண்டி, மண்பாதை முடிகிற இடத்தில் நிற்கிற வீடு. மேற்கே பாதை, கிழக்கே கடல். என் கணவரின் தாத்தா கட்டியது. அவர் வெள்ளைக்காரன் காலத்தில் சைகோனுக்குப் போய் ஏதோ ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிவிட்டு, ஒரு தகரப் பெட்டியும், கடலைப் பார்த்துக்கொண்டே வாழ வேண்டும் என்ற ஆசையுமாகத் திரும்பி வந்தவர். அங்கே பார்த்த மாதிரியே உயரமான கூடம், சிவப்பு சிமெண்ட் தரை, சாய்வுச் சட்டம் போட்ட மர ஜன்னல்கள் என்று கட்டினார். அதற்கு வில்லா என்று பெயரும் வைத்தார். அவர் ஒருவர்தான் அப்படிக் கூப்பிட்டார்.

ஊரில் கேட்டார்களாம்: "கடலப் பாத்துக்கினு ஒக்காந்தா வவுறு ரொம்புமா?" கட்டிய மனைவி ஒரு நாளும் அதில் தங்கவில்லை. "உப்புக் காத்துல ஒரு கீரப் பாத்தி கூட நிக்காது. நீங்களே போயி தங்கிக்குங்க" என்றுவிட்டாளாம். அவரும் போய்த் தங்கினார். இருமல் வந்த பிறகு அங்கேயே விட்டுவிட்டார்கள். பாகூர்ப் பக்கத்து வீட்டிலிருந்து வண்டியில் சோறு போகும். வண்டிக்காரன் திரும்பி வந்து "சாப்ட்டாரு" என்று சொன்னால் அன்றைய விசாரிப்பு முடிந்தது.

இப்படித்தான் அந்த வீட்டுக்கு ஒரு வேலை ஏற்பட்டது. ஊர் வீட்டில் யார் அதிகமோ அவர்கள் கடல் வீட்டுக்கு. நான் மருமகளாக வந்த புதிதில் ஒரு நாள் உலையைப் பொங்க விட்டுவிட்டேன். என் மாமியார் திட்டவில்லை. "அடுத்த தபா பொங்கினா கடலு வூட்டுக்கு அனுப்பிடுவன், அங்க ஒன்னாட்டம் ஒருத்தி இருக்கா" என்றார். அந்த ஒருத்தி என் மாமனாரின் தங்கை. எனக்குச் சின்னம்மா முறை.

சின்னம்மாவைச் சேதராப்பட்டுப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அந்த மனுஷனுக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்தது. கல்யாணத்துக்குப் போட்ட பித்தளைப் பாத்திரங்களோடு அவளையும் வண்டியில் ஏற்றி, பிறந்த வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். பாத்திரங்களை உள்ளே எடுத்து வைத்தார்கள். அவளை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. என் மாமியார் அப்போது புது மருமகள். "ஒரே ஒறயில ரெண்டு கத்தி ஆவாது" என்று ஒரு வார்த்தைதான் சொன்னாராம். மறுநாளே சோற்று வண்டி அவளையும் ஏற்றிக்கொண்டு கிழக்கே திரும்பியது.

அப்போது சைகோன்காரர் உயிரோடு இருந்தார். மகள் வந்து இறங்கியதும் அவர் செய்த முதல் காரியம், கொத்தனாரைக் கூப்பிட்டது. தென்கிழக்கு மூலை அறையில் கடலைப் பார்த்து ஒரு ஜன்னல் இருந்தது. அதைத் தாழ இறக்கச் சொன்னார். கட்டிலில் உட்கார்ந்தபடியே அலை தெரிகிற அளவுக்கு இறக்கிக் கட்டினார்கள். பிறகு மகனையும் மருமகளையும் வரவழைத்து, அவர்கள் முன்னால் சொன்னார்: "இது கண்ண மூடற வரைக்கும் இந்த ரூம்பு இதுக்கு. எவனும் கேக்கக் கூடாது." எல்லோரும் தலையாட்டினார்கள். வாய்வார்த்தைதான். தலையாட்டியவர்களில் யாரும் இன்று இல்லை.

சின்னம்மா அந்த அறையில் கிழவியானாள். அப்பாவின் கடைசி இருமல் வரை பார்த்துக்கொண்டாள். அவர் போன பிறகு வீட்டுக்குக் காவல் அவள்தான். மீன்காரக் குப்பத்துப் பெண்களோடு நல்ல பழக்கம். சொத்தில் தனக்குப் பங்கு வேண்டாம் என்று அண்ணனுக்குக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். "எனக்கு எதுக்குடி பங்கு? எனக்கு ஜன்னலு இருக்குது" என்பாள் என்னிடம். அவளுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. அந்த ஜன்னலோரக் கட்டிலில் கிடந்து அலையைப் பார்த்துக்கொண்டே கண்ணை மூட வேண்டும். இதை ஒளிக்காமல் எல்லோரிடமும் சொல்வாள். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "அதுக்குள்ள ஒன் மாமியாரு என்ன வேற எங்கனா அனுப்பாம இருந்தா சரி" என்று சிரிப்பாள்.

என் கணவரும் அவருடைய இரண்டு அண்ணன்மார்களும் பள்ளி விடுமுறைக்கெல்லாம் அங்கேதான் கிடப்பார்கள். நண்டுக் குழம்பு வைத்துப் போடுவாள். ஓட்டை உடைத்துச் சதையை எடுத்து ஆளுக்கு ஒரு வாய் ஊட்டுவாள். என் கணவர் கடைக்குட்டி. அவர் கைக்குழந்தையாக இருந்தபோது மாமியாருக்கு மஞ்சள் காமாலை கண்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் அந்த ஜன்னலோரக் கட்டிலில் போட்டு, நடக்கப் பழகும் வரை வளர்த்தவள் சின்னம்மா. "நான் அத்தகிட்ட பால் குடிக்கல, அவ்ளோதான்" என்று அவரே சொல்வார்.

மாமனார் முதலில் போனார், பிறகு மாமியார். மாமியாரின் கருமாதி முடிந்ததும் பங்குப் பேச்சு வந்தது. நிலங்களில் தகராறே இல்லை. அதற்கு அவர்களிடம் வழிவழியாக முறை உண்டு. வயலைக் குறுக்கே வெட்டமாட்டார்கள். குறுக்கே வெட்டினால் தலைமடை ஒருத்தனுக்கும் கடைமடை ஒருத்தனுக்கும் போகும், கடைமடைக்காரன் காலமெல்லாம் தண்ணீருக்குத் தொங்க வேண்டும். அதனால் வாய்க்காலில் தொடங்கிக் கடைசி வரப்பு வரை நீளவாக்கில், துணி கிழிப்பது போலப் பட்டை பட்டையாகப் பிரிப்பார்கள். எல்லோருக்கும் தண்ணீரும் சமம், மேடு பள்ளமும் சமம். இன்னொரு முறையும் உண்டு. பெரியவன் பங்கு வைக்கணும், சின்னவன் பங்கு எடுக்கணும். முதலில் எடுப்பது தம்பி என்பதால் அண்ணன் வஞ்சகமாகப் பிரிக்க முடியாது. அழகான முறை, நான் குறை சொல்லமாட்டேன். வயலுக்கு.

அதே கயிற்றை எடுத்துக்கொண்டு கடல் வீட்டுக்கு வந்தார்கள்.

முந்தின நாளே நான் என் கணவரிடம் சொல்லி வைத்தேன். "மொதல்ல எடுக்கப் போறது நீங்கதான். சின்னம்மா ரூம்பு இருக்குற பங்க எடுத்துடுங்க. அது இருக்குற வரைக்கும் இருந்துட்டுப் போவட்டும்."

"சரி."

"வாயால சரியா, மனசாலயா?"

"சரின்னா சரிதான்டி" என்றார்.

அன்று காலை பெரியவர், அதாவது மூத்த அண்ணன், பாதை ஓரத்தில் முளை அடித்துக் கயிற்றை ஒரு முனையில் கட்டினார். நடுவுலவர் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நுழைந்து, கூடத்தில் நடந்து, அறைக்குள் போய், ஜன்னல் வழியாக வெளியே போட்டு, கடல் பக்கம் இழுத்தார். வடக்கே ஒரு பட்டை, நடுவே ஒன்று, தெற்கே ஒன்று. மூன்றுக்கும் மேற்கே பாதை உண்டு, கிழக்கே கடல் உண்டு. எவனும் எவனையும் தொங்க வேண்டாம். கூடம் மூன்றாகக் கிழிந்தது. மாடிப்படி நடுப்பட்டையில் விழுந்தது.

நான் கேட்டேன்: "ரூம்பு ரூம்பா பிரிச்சிக்கினா ஆவாதா?"

பெரியவர் திரும்பிப் பார்த்தார். "இது இன்னா பொட்டலமாம்மா, ஆளுக்கு ஒண்ணு மடிச்சிக் குடுக்க? இது மண்ணு. மண்ணுக்கு மொற இருக்குது."

நடுப்பட்டைக்கும் தென்பட்டைக்கும் நடுவில் இழுத்த கயிறு சின்னம்மாவின் அறைக்குள் அவளுடைய கட்டிலுக்கு மேலாகப் போனது. அறையின் கதவு வடக்கு ஓரத்தில், ஜன்னல் தெற்கு ஓரத்தில். ஆகவே கதவு நடுப்பட்டைக்கு, ஜன்னல் தென்பட்டைக்கு. சின்னம்மா அப்போது கட்டிலில்தான் உட்கார்ந்திருந்தாள். கயிறு முகத்துக்கு நேரே வந்ததால் தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டாள்.

"ஏன்டா, என் ரூம்பு யாரு பங்குல வருது?"

"ரெண்டு பங்குலயும் வருது அத்த" என்றார் நடுவுலவர். "நீதான் இங்க பெரிய ஆளு, ரெண்டு வூட்டுக்காரி."

"ஏற்கெனவே ரெண்டு வூடு பாத்தவதான அவ" என்று வெளியிலிருந்து நடுவுலவர் மனைவியின் குரல் கேட்டது. என் ஓரகத்தி. ஆண்கள் சிரித்தார்கள். சின்னம்மாவும் சிரித்தாள். சிரித்துவிட்டு என் கணவரைப் பார்த்தாள். முதலில் எடுக்கப் போவது அவர் என்பது அவளுக்கும் தெரியும்.

வெளியே வந்து நின்றோம். "எட்றா" என்றார் பெரியவர்.

வடபட்டையில் கிணறு இருந்தது. கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் நல்ல தண்ணீர்க் கிணறு. குப்பத்துக்காரர்களே அதிசயமாகச் சொல்வார்கள். என் கணவர் நேராக அங்கே போனார். வாளியை விட்டு இறைத்தார். இரண்டு கை அள்ளிக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "இது எனக்கு" என்றார்.

பெரியவருக்கு முகம் விழுந்துவிட்டது. கிணற்றின் மேல் அவருக்கும் கண் இருந்திருக்க வேண்டும். "வெவரமானவன்டா நீ" என்றார். அடுத்து எடுத்த நடுவுலவர் மாடிப்படிக்காக நடுப்பட்டையை எடுத்தார். தென்பட்டை பெரியவருக்கு மிஞ்சியது. சின்னம்மா ஜன்னலுக்குள் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று மத்தியானம் எல்லோருக்கும் இறால் தொக்கு அவள்தான் சமைத்தாள். மூன்று பேருக்கும் சமமாகத்தான் பரிமாறினாள்.

பஸ்ஸில் திரும்பும்போது பேச்சை அவரே ஆரம்பித்தார்.

"கெணறு இருக்குற நெலத்த வுட்டுட்டு எவனாவது கெழவி இருக்குற நெலத்த எடுப்பானா? ஊரு சிரிக்கும்."

"அது நெலமா? வூடு."

"எல்லாம் நெலந்தான்டி" என்றார். அதில் வஞ்சகமே இல்லை. வானம் நீலம் என்று சொல்வது போலச் சொன்னார்.

ஆறு மாதத்துக்குள் சுவர் எழும்பியது. பெரியவருக்கு அவசரம். தென்பட்டையைக் கடலுக்கு வருகிறவர்கள் தங்குகிற இடமாக மாற்ற நினைத்திருந்தார். பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் சனி, ஞாயிறு ஆனால் வருகிறார்களே, அவர்களுக்கு. எங்கள் பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டதால் நானும் என் கணவரும் வடபட்டையில் குடியேறியிருந்தோம். ஆகவே சுவர் எழுந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

கொத்தனார் கட்டிலருகே வந்து நின்றுகொண்டு கேட்டார்: "அம்மா கட்டில எந்தப் பக்கம் போடணும்?"

"எந்தப் பக்கம் வேணும் அத்த?" என்றார் பெரியவர். "கதவு வேணுமா, ஜன்னலு வேணுமா?"

"ரெண்டும் வேணும்டா."

"ரெண்டும் எப்படி அத்த? அது அவன்து, இது என்து."

கொத்தனார் நல்ல மனுஷன். சுவரில் ஒரு ஆள் நுழையுமளவு சந்து விட்டுவிடலாமே, கிழவி இருக்கிற வரைக்கும், பிறகு பூசிக்கொள்ளலாம் என்றார். ஓரகத்தி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். "இன்னைக்கி சந்து, நாளைக்கி பாத்தியதை. வரப்புல நடக்க வுட்டா வண்டிப் பாதையாப் பூடும்னு எங்க அப்பன் சொல்லும். நாளப்பின்ன அந்தப் பக்கத்து ஆளுங்க எம்பொண்ணு வூட்டுக்குள்ள வந்து வழி கேக்கவா?" மண்ணை வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பயம் ரத்தத்தில் உண்டு. அவள் பேசியதை யாரும் அநியாயமாக நினைக்கவில்லை.

நான் பெரியவரிடம் கேட்டேன். ஜன்னல் பக்கத்துப் பாதிக்கு மேற்கே இருந்த கூடத்துத் துண்டும் அவருடையதுதானே, அந்தச் சுவரில் ஒரு கதவு வைத்தால் என்ன?

"அதான்மா கெஸ்ட்டு ரூமு. குளிச்சிட்டு நிக்கிறவங்க நடுவுல கெழவி சொம்பத் தூக்கிக்கினு போவுமா? நல்லாவா இருக்கும்? அதுக்கே கூச்சமா இருக்கும்" என்றார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.

நான் சின்னம்மாவை எங்கள் பக்கம் வந்துவிடும்படி கூப்பிட்டேன். என் கணவரும் பக்கத்தில் நின்று, "வா அத்த" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

சின்னம்மா அவரைப் பார்க்கவில்லை. என்னிடம் சொன்னாள்: "அவன் கெணத்த எடுத்துக்கினான். நான் ஜன்னல எடுத்துக்குறேன். அவங்க அவங்க எடுத்தத வெச்சிக்கினு இருக்கணும்டி."

சுவர் எழுந்தது. ஜன்னல் பக்கத்துப் பாதிக்கு வாசலே இல்லை. ஜன்னல் கம்பிகளை அறுத்து எடுத்தார்கள். கொத்தனார் தானாகவே உடைந்த செங்கல்லை அடுக்கி வெளியே இரண்டு படி கட்டிக் கொடுத்தார். அதற்குக் கூலி கேட்கவில்லை. சைகோன்காரர் தாழ இறக்கிக் கட்டியது நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் அந்த வயதில் கால் எட்டியிருக்காது.

அன்று முதல் சின்னம்மா ஜன்னல் வழியாகத்தான் வீட்டுக்குள் போனாள், வந்தாள். முதலில் உட்காருவாள். பிறகு ஒரு காலை எடுத்து அந்தப் பக்கம் போடுவாள். பிறகு புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இன்னொரு காலை. குளிக்கவும் மற்றதுக்கும் எங்கள் பக்கம் வர வேண்டும். நடுவில் ஓரகத்தியின் பட்டை. அவள் சவுக்குக் கழி நட்டு, பழைய மீன்வலையைக் கட்டி, அலை ஏறுகிற இடம் வரை வேலி போட்டிருந்தாள். வேலி முடிகிற இடத்தைச் சுற்றிக்கொண்டு, ஈர மணலில் கால் வைத்து சின்னம்மா வருவாள். கடல் பொங்குகிற நாட்களில் முழங்கால் வரை நனைந்து வருவாள்.

"பாத்து வாங்க சின்னம்மா."

"இதாவது எவன் பங்கும் இல்ல" என்பாள் கடலைக் காட்டி. "நல்ல வேள, கயிறு பத்தல அவனுங்களுக்கு."

விருந்தினர்கள் வர ஆரம்பித்தார்கள். நல்ல பிள்ளைகள்தான். ஒரு பெண் சின்னம்மா ஜன்னலில் ஏறுவதைப் போட்டோ எடுத்தாள். எடுத்துவிட்டு, "பாட்டி, ஏன் ஜன்னல் வழியா போறீங்க?" என்று கேட்டாள்.

"இது எங்க அப்பா வெச்ச வாசப்படி கண்ணு" என்றாள் சின்னம்மா. இன்னொரு தரம் எடுத்துக்கொள்ளட்டும் என்று அப்படியே ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டு நின்றாள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று சொல்வார்களே. அந்தப் படம் நன்றாக வந்திருந்ததாம். பெரியவர் அதை வாங்கித் தன் இடத்தின் விளம்பரத்தில் போட்டார். கடலோரம், பாரம்பரிய வீடு, அன்பான பாட்டி. அதைத் தன் போனில் எனக்குக் காட்டி, "அத்தைய நான் வெளியில தள்ளிட்டன்னு சொல்றீங்களே, பாரு, முன்னால வெச்சிருக்கன்" என்றார்.

அதற்குப் பிறகு விருந்தினர்கள் வந்ததும் பாட்டியைத் தேடுவார்கள். பெரியவர் ஜன்னலண்டை வந்து, "அத்த, ஒரு தபா ஏறி எறங்கு" என்பார். அவளும் ஏறி இறங்குவாள். ஒரு முறை கால் தடுக்கி விழுந்து முட்டி சிராய்த்துக்கொண்டாள். நான் மஞ்சள் பற்றுப் போடும்போது கேட்டேன், முடியாது என்று சொன்னால் என்ன என்று.

"முடியாதுன்னா இங்க இருக்க வுடுவானாடி?" என்றாள். "இன்னும் கொஞ்ச நாளு. இந்தக் கட்டில்ல கண்ண மூடிட்டன்னா போதும், அதுவரைக்கும் குரங்காட்டம் ஏறுறன்."

ஒரு சனிக்கிழமை காலை காப்பி எடுத்துக்கொண்டு போனேன். ஜன்னலைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கண் பாதி திறந்திருந்தது. அலை நன்றாக ஏறி வந்துகொண்டிருந்தது. கேட்டது கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். காப்பியை மணலில் ஊற்றிவிட்டு ஆட்களைக் கூப்பிடப் போனேன்.

பெரியவர் பக்கம் அன்று எல்லா அறையிலும் ஆட்கள். அவர் வந்து ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தார். "சனிக்கெழமையாப் பாத்தா போவணும்?" என்றார். பிறகு விருந்தினர்களிடம் போனார். பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் தவறிவிட்டார், கொஞ்ச நேரம் கடல் பக்கம் வராமல் இருந்தால் நல்லது என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. பறை வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

உடலை வெளியே எடுக்க வேண்டும். ஜன்னல் வழியாகப் பிணத்தை எடுப்பதா என்று குப்பத்துப் பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். சுவரில் நான்கு செங்கல் வரிசையைத் தட்டிவிட்டால் நடுவுலவர் பக்கத்துக் கதவு வழியாக முறையாக எடுத்துவிடலாம் என்று என் கணவர் சொன்னார். அவர் அந்த அறையைப் பற்றி வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

ஓரகத்தி குறுக்கே வந்து நின்றாள். "எம்பொண்ணுக்கு அடுத்த மாசம் நிச்சியம். சனிப் பொணம் தனியாப் போவாதும்பாங்க. அத்த எவ்ளோ நல்லவளா இருந்தாலும், எம்படியத் தாண்டி எடுக்க வுட மாட்டன். அவதான் ஜன்னலு வேணும்னா. ஜன்னல்லயே போவட்டும்."

அப்படியே நடந்தது. உள்ளே இரண்டு பேர், வெளியே இரண்டு பேர். அவள் தினமும் ஏறுவது போலவேதான், முதலில் கால்கள் வெளியே வந்தன. மணலில் பலகை போட்டுக் கிடத்தினோம். குளிப்பாட்ட நீர் வேண்டும். என் கணவர் கிணற்றண்டை போனார். வாளி வாளியாக இறைத்தார். போதும் போதும் என்று பெண்கள் சொன்ன பிறகும் இறைத்துக்கொண்டே இருந்தார். அழுதார். "என்ன வளத்தவளே" என்று சத்தம் போட்டு அழுதார். ஓரகத்தி என் காதருகே வந்து, "அழுவறதுக்கு மட்டும் மொதப் பங்கு எடுத்துக்கினாரு பாத்தியா" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்து இரண்டு பேர் என் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள்.

சனிப் பிணத்துக்குத் துணையாகப் பாடையில் ஒரு கோழிக்குஞ்சைக் கட்டினார்கள். பெரியவர் பக்கத்து ஜன்னலில் நின்ற ஒரு விருந்தினர் குழந்தை, "அந்தக் கோழிய எங்க கூட்டிட்டுப் போறாங்க?" என்று கேட்டது. உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

கருமாதி முடிந்த மறுவாரமே அதே கொத்தனார் வந்தார். பெரியவர் அந்த ஜன்னலைக் கதவாக்கச் சொன்னார். கூடத்துப் பக்கத்துச் சுவரிலும் ஒரு வழி போட்டு, அந்தப் பாதியையும் விருந்தினர் அறையோடு சேர்த்துவிட்டார். அறையிலிருந்து காலை எடுத்து வைத்தால் நேராக மணல். அதற்குத்தான் இப்போது கிராக்கி. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கொத்தனார் ஜன்னல் திண்டைத் தட்டி இறக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"டீ ஆறுறதுக்குள்ள வேல முடிஞ்சிச்சும்மா" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சட்டியைக் கழுவப் போனார்.

இரண்டு செங்கல் படி அங்கேயே இருந்தது. அதை எடுத்துவிடவா என்று கேட்டபோது பெரியவர் யோசித்தார். "இருக்கட்டும். கடல்ல குளிச்சிட்டு வர்றவங்க அதும் மேல நின்னு கால் கழுவட்டும். ஒரு கொழா வெச்சிடலாம்." தென்பட்டையில் போட்ட போரில் தண்ணீர் உப்பு. அதனால் என் கணவரைக் கேட்டார், கிணற்றிலிருந்து ஒரு பைப் இழுத்துக்கொள்ளலாமா என்று.

"இழுத்துக்கண்ணா. தண்ணிக்கு இன்னா" என்றார் என் கணவர்.

நடுப்பட்டையைத் தாண்டாமல் பைப் வராது. ஓரகத்தி என்ன சொல்வாளோ என்று நான் அவள் வாயையே பார்த்தேன். அவள் வலை வேலியைத் தானே தூக்கிப் பிடித்தாள். "எனக்கும் ஒரு கொழா வுடச் சொல்லு" என்றாள். இரண்டு சுவரிலும் துளை போட்டு பைப்பைக் கொண்டு போனார்கள்.

கிணறு இன்றும் இனிக்கிறது. நானும் அதில்தான் சமைக்கிறேன். சனி, ஞாயிறுகளில் விருந்தினர்கள் அந்தப் படியில் நின்று காலைக் கழுவுகிறார்கள். மோட்டார் போடச் சொல்லித் தென்பட்டையிலிருந்து பெரியவர் குரல் கொடுப்பார். சுவர் வழியாகவே கேட்கும். நான்தான் போய்ப் போடுகிறேன்.